மெமரி கார்டுல இருந்த பாட்டெல்லாம் எங்க போச்சு?

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "நான் பொறந்ததே 1998-ல. ராஜா சாரோட 80-கள் பாட்டு கேட்டா ஏன் எனக்குத் தொண்டை அடைக்குது? நான் வாழாத காலத்துக்கு நான் எப்படி ஏங்க முடியும்?"

நல்ல கேள்வி, பதிலும் இருக்கு, சொல்றேன். ஆனா இன்னைக்கு நான் பேச வந்தது வேற ஒரு பாட்டுக் கூட்டத்தைப் பத்தி. சினிமாவுல வராத பாட்டு. பாப், ராப், ராக், இப்போ 'இன்டி'ன்னு சொல்றோமே, அதெல்லாம். நம்ம பக்கம் இது எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பேருதான் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? 'ஆல்பம் சாங்'. ஒத்தைப் பாட்டா இருந்தாலும் அது ஆல்பம் சாங்தான். படத்துல வரலைன்னா ஆல்பம், அவ்வளவுதான் கணக்கு.

நான் சொல்ல வர்றது இதுதான். சினிமாப் பாட்டைக் காப்பாத்த ஒரு ஊரே இருக்கு. டிவி இருக்கு, எஃப்.எம். இருக்கு, கல்யாண மண்டபம் இருக்கு, எங்க பக்கத்துல பஸ் இருக்கு. ஆல்பம் சாங்குக்கு அதைக் கேட்டவங்களை விட்டா ஆளே கிடையாது. அதனாலதான் ரெண்டுக்கும் நாம ஏங்குற விதமே வேற மாதிரி இருக்கு.

முதல்ல பஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு ஊர் சத்தியமங்கலம். காலேஜ் கோயமுத்தூர். நாலு வருஷம் சத்தி ரோட்டுல போய்ட்டு வந்த ஆளு நான். புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம், சரவணம்பட்டி, காந்திபுரம். கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். கொங்குப் பக்கம் பிரைவேட் பஸ்ல போனவங்களுக்குத் தெரியும், அங்க பாட்டு பொழுதுபோக்குக்குப் போடுறது இல்ல. அது அந்த வண்டியோட மானம். எந்த வண்டில என்ன செட், எத்தனை ஸ்பீக்கர், பேஸ் சீட்டுக்கு அடியில இருந்து வருதா மேல இருந்து வருதா, எல்லாம் பசங்களுக்கு மனப்பாடம். நல்ல பாட்டு போடுற வண்டிக்காக முன்னாடி வந்த வண்டியை விட்டுட்டு நிக்கிற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன்.

அந்த வண்டியில என்ன ஓடும்? பெரும்பாலும் 80-களும் 90-களின் ஆரம்பமும். காரணம் ரொம்ப எளிமை. பின்சீட்டுல காலேஜ் பையன், நடுவுல பூக்கூடையோட ஒரு அம்மா, முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போற ஒரு தாத்தா. இந்த மூணு பேரும் சண்டை போடாம கேட்கிற ஒரே பாட்டு அதுதான். டிரைவருக்கு அது நல்லாத் தெரியும்.

இப்போ அந்த 1998 கேள்விக்கு வருவோம். 2013-ல அமெரிக்காவுல கார்னல் யுனிவர்சிட்டியைச் சேர்ந்த கேரல் கிரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இருபது வயசு சுமாருக்கு உள்ள பசங்களுக்கு 1955-ல இருந்து 2009 வரைக்கும் வந்த ஹிட் பாட்டுங்களைப் போட்டுக் காட்டி, எது தெரியுது, எது பிடிக்குது, எதைக் கேட்டா சொந்த ஞாபகம் வருதுன்னு கேட்டாங்க. அவங்க காலத்துப் பாட்டுக்கு ஞாபகம் வந்துச்சு, அதுல ஆச்சரியம் இல்ல. ஆனா இன்னொரு இடத்துலயும் மேடு தட்டுச்சு. அவங்க அப்பா அம்மா இளவட்டமா இருந்த காலத்துப் பாட்டு. அதுக்கும் முன்னாடி 60-கள்லகூட ஒரு சின்ன மேடு. வீட்டுல யார் கையில ரேடியோவும் டேப்பும் இருந்துச்சோ அவங்க காலம், கேட்டு வளர்ந்த பிள்ளைங்களுக்குள்ள இறங்கிடுது. நீங்க வாழாத காலத்துக்கு ஏங்கலை. அந்தப் பாட்டு ஓடின வீட்டுக்கும் வண்டிக்கும் ஏங்குறீங்க. அது உங்க காலம்தான்.

இதுக்குப் பின்னாடி பழைய விஷயம் ஒண்ணும் இருக்கு. மனுஷங்களை உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டா, சுமார் பத்து வயசுல இருந்து முப்பது வயசுக்குள்ள நடந்ததுதான் அளவுக்கு மீறி வரும். உளவியல்காரங்க இதை 'நினைவு மேடு'ன்னு சொல்றாங்க. முதல் வேலை, முதல் காதல், முதல்தடவை வீட்டை விட்டு வெளிய தங்குனது, எல்லாமே அங்கதானே இருக்கு. பாட்டும் அதே மேட்டுல ஏறி உக்காந்துக்குது. கலிஃபோர்னியாவுல பெட்ர் யனாட்டான்னு ஒருத்தர், ஆளுங்களை ஸ்கேனருக்குள்ள படுக்க வச்சு அவங்க சின்ன வயசுப் பாட்டுங்களைப் போட்டார். 2009-ல வந்த ஆய்வு. நெத்திக்குப் பின்னாடி, நடுவுல இருக்கிற பகுதி, நம்மளைப் பத்தி நாமளே நினைக்கும்போது வேலை செய்யுற பகுதி, பாட்டு சொந்த ஞாபகத்தைக் கிளப்பும்போது முழிச்சுக்குது. அதாவது, பாட்டைக் கேட்குறப்போ மூளை பாட்டை மட்டும் கேட்குறது இல்ல, 'நான்'ங்கிற ஆளையும் சேர்த்து எடுத்துப் பார்க்குது. சயின்ஸ் இதோட போதும்.

சினிமாப் பாட்டு ஒரு முகத்தோட வருது. ஒரு ஹீரோ, ஒரு மழை, ஒரு ரயில். பாட்டு காதுல விழுந்த உடனே அந்த முகம் முன்னாடி வந்து நிக்கும். நம்ம ஞாபகம் அதுக்குப் பின்னாடிதான் நிக்கணும். ஆல்பம் சாங் காலியா வருது. யார் பாடுறாங்கன்னே பல சமயம் தெரியாது. முகம் இல்லாத பாட்டுல நாம நம்ம முகத்தைத்தான் ஒட்டிக்குவோம். எனக்குச் சில ராப் பாட்டு கேட்டா இன்னைக்கும் ஹாஸ்டல் பக்கெட் ஞாபகம்தான் வரும். பாட்டுக்கும் பக்கெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பக்கெட்டைக் கவுத்துப் போட்டுத் தாளம் தட்டுவோம், அவ்வளவுதான்.

இது நம்ம தலைமுறையில ஆரம்பிச்சது இல்ல. தமிழ்ல பாப்புக்கு முதல் பெரிய வீடு இலங்கை. அங்க அதைப் 'பொப்பிசை'ன்னு சொன்னாங்க. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். ஏ.ஈ. மனோகரன், நம்ம ஊர்ல சிலோன் மனோகர்னு சொன்னாத்தான் தெரியும், 'சுராங்கனி' பாடினார். எங்க அம்மாயி ரேடியோவை இலங்கை வானொலியிலயே வச்சிருக்கும், முள்ளைத் திருப்பவே விடாது. அதுக்கு 'சுராங்கனி' தெரியும், சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது. அந்தப் பாட்டு இன்னைக்கு வரைக்கும் எப்படி உசுரோட இருக்கு? 1977-ல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துல இளையராஜா அதை எடுத்துக்கிட்டார். சினிமா தத்தெடுத்துச்சு, பாட்டு பிழைச்சுக்கிச்சு. அதே காலத்துல, அதே வானொலியில ஓடின மத்த பொப்பிசைப் பாட்டுங்க எத்தனையோ, இந்தக் கரையில கேட்டவங்க வயசாகிப் போகப் போக அதுங்களும் கூடவே போயிட்டு இருக்கு.

90-கள்ல கேசட்டு. மால்குடி சுபாவோட 'வால்பாறை வட்டப்பாறை' எங்க பக்கம் ஓடாத பொருட்காட்சி கிடையாது. வால்பாறை நம்ம கோயமுத்தூர் ஜில்லாங்கிற பெருமை வேற. சுரேஷ் பீட்டர்ஸ் 'மின்னல்'னு ஆல்பம் போட்டார். 'காதலன்' படத்துல 'பேட்டை ராப்' பாடினவருன்னு சொன்னா உடனே தெரியும். 'மின்னல்' பாடினவருன்னு சொன்னா யோசிப்பாங்க. பாத்தீங்களா, இங்கயும் அதே கதைதான்.

எனக்கான ஆளு யோகி பி. எட்டாவதோ ஒம்பதாவதோ படிச்சுட்டு இருந்தேன். மலேசியாவுல இருந்து 'யோகி பி & நட்சத்ரா', ஆல்பம் பேரு 'வல்லவன்', வந்தது 2006-ல. எங்க ஊருக்கு அது கடை வழியா வரலை, ப்ளூடூத் வழியா வந்துச்சு. கோயமுத்தூர்ல படிச்ச ஒரு சீனியர் அண்ணன் லீவுக்கு வந்தப்போ அவர் போன்ல இருந்து எங்க தெருவுல ஒரு போனுக்கு. அதுல இருந்து நாலு போனுக்கு. ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒட்டிவச்ச மாதிரி அசையாம நாலஞ்சு நிமிஷம் நிக்கணும். ரொம்பத் தள்ளிப் போனா 'ஃபெயில்டு'. பாட்டு வாங்குறதுக்கு நின்ன அந்த நிமிஷங்களே எனக்கு இப்போ பாட்டோட ஒரு பகுதி.

அதுல 'மடை திறந்து' இருந்துச்சு. 1980-ல 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்டு எஸ்.பி.பி. பாடினது. அதை எடுத்து மேல ராப் பண்ணியிருந்தாங்க. வீட்டுல சத்தமா வச்சேன். எங்கப்பா திண்ணையில இருந்து எட்டிப் பார்த்து, "இது எங்க பாட்டாச்சே, யார்ரா இவனுக?"ன்னார். கோவமா கேட்கலை, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டார். "மலேசியாப்பா"ன்னேன். "மலேசியாவுல இருக்கிறவனுக்கும் இது பாட்டா?"ன்னுட்டு உள்ள போயிட்டார். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, "அந்த மலேசியாக்காரன் பாட்டைப் போடு"ன்னார். அப்பாவும் நானும் சேர்ந்து கேட்ட முதல் பாட்டு அதுன்னு சொல்லலாம். அவருக்கு அடியில ஓடுற ட்யூன் சொந்தம், எனக்கு மேல ஓடுற பேச்சு சொந்தம். கார்னல்காரங்க சொன்ன ரெண்டு மேடும் ஒரே பாட்டுக்குள்ள இருந்துச்சு.

யோகி பி-யைச் சினிமா எடுத்துக்கிச்சு. 2007-ல 'பொல்லாதவன்', 2011-ல 'ஆடுகளம்'. அதனால அவர் பேரு நிலைச்சது. 'வல்லவன்' ஆல்பத்துல இருந்த மத்த பாட்டுங்க பேரு கேட்டா இங்க எத்தனை பேர் சொல்வாங்க?

அப்புறம் ஹிப்ஹாப் தமிழா. ஆதி கோயமுத்தூர் பையன், அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு சென்னைக்காரங்களுக்குப் புரியாது. அதுவரைக்கும் பாட்டுன்னா அது வடபழனியில இருந்து வரணும். நம்மளை மாதிரி 'ங்க' போட்டுப் பேசுற ஊர்ல இருந்து ஒருத்தன் யூடியூப்ல பாட்டுப் போட்டு, அதை ஊரே கேட்குதுன்னா, அது நமக்கும் ஒரு லைசென்ஸ் கொடுத்த மாதிரி. 2012-ல 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தப்போ எங்க ஹாஸ்டல்ல ரூமுக்கு ஒரு ராப்பர் முளைச்சான். அதுல முக்காவாசிப் பேரு இப்போ ஐ.டி.-ல இருக்காங்க, அதை விடுங்க.

ஆனா இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். 'கிளப்புல மப்புல' பாட்டு எங்க செட்டுக்கு ஒரு தேசிய கீதம். அதைப் பத்தி என் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தகிட்ட உருகிப் பேசிட்டு இருந்தேன். அவ அமைதியா சொன்னா: "அது உங்களுக்கு நாஸ்டால்ஜியா. எங்களுக்கு, பஸ்ல பின்சீட்டுல இருந்து நீங்கெல்லாம் எங்களைப் பார்த்துச் சத்தமா போடுற பாட்டு. அந்தப் பாட்டு வந்தா நாங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்குவோம்." பொண்ணுங்க எப்படி இருக்கணும்னு அட்வைஸ் பண்ற பாட்டு அது. ஒரே பஸ், ஒரே பாட்டு, ரெண்டு ஞாபகம். பழசு எல்லாம் எல்லாருக்கும் இனிப்பு இல்லைங்க. 'அந்தக் காலம் மாதிரி வருமா'ன்னு யாராவது ஆரம்பிச்சா நான் இப்பல்லாம் முதல்ல கேட்குறது, அப்போ யாரு எந்த சீட்டுல உக்காந்திருந்தாங்கன்னுதான்.

சரி, இந்தப் பாட்டெல்லாம் எதுல இருந்துச்சுங்கிறதுக்கு வருவோம். மெமரி கார்டு. 1 ஜிபி, வசதி இருந்தா 2 ஜிபி. சத்தி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடைல கார்டைக் கொடுத்து, "அண்ணா, புதுப்பாட்டு ஏத்திக் குடுங்ணா"ன்னா, இருபது முப்பது ரூபாய்க்கு ரொப்பித் தருவார். படம் பேரு போட்டு ஃபோல்டர் இருக்கும். கடைசியில 'ஆல்பம்'னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள எதுக்கும் ஒழுங்கான பேரு இருக்காது. 'டிராக் 07', 'புது பாட்டு', 'சூப்பர் ராப்', இல்லைன்னா டவுன்லோடு பண்ண வெப்சைட்டு பேரு. ஜிபி பத்தாதேன்னு பாட்டை நல்லா நசுக்கி வச்சிருப்பாங்க. எம்பி3-ங்கிறதே காது கவனிக்காதுன்னு கணக்குப் போட்ட சத்தத்தை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை வைக்கிற வித்தைதான். அளவுக்கு மீறி நசுக்குனா சிம்பல் சத்தம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி சலசலன்னு கேட்கும். அதே பாட்டு இப்போ ஸ்ட்ரீமிங்ல பளிச்சுன்னு கிடைக்குது. கேட்டா ஏதோ குறையுது. என் மூளை பதிவு பண்ணி வச்சிருக்கிறது அந்தத் தண்ணிச் சத்தத்தோட சேர்த்து. சைனா போன் ஸ்பீக்கர்ல, பவானி ஆத்துப் பாலத்துமேல, காத்துல பாதி போக மிச்சம் கேட்ட பாட்டு அது.

சினிமாப் பாட்டுக்கு ஒரு கம்பெனி ரைட்ஸ் வச்சிருக்கும். அதுல காசு வர்றவரைக்கும் அது அந்தப் பாட்டைப் பத்திரமா வச்சிருக்கும். ஹாஸ்டல் ரூம்ல எடுத்த பாட்டுக்கு யாரு? 'இன்டர்நெட்ல போட்டா என்னைக்கும் இருக்கும்'னு நாம எல்லாம் நம்புறோம். 2019 மார்ச்சுல என்ன ஆச்சு தெரியுமா? மைஸ்பேஸ்னு ஒரு சைட். ஒரு காலத்துல உலகம் பூரா பேண்டு வச்சிருக்கிற பசங்க எல்லாம் பாட்டுப் போட்டது அங்கதான். சர்வர் மாத்துறப்போ 2016-க்கு முன்னாடி ஏத்தின பாட்டெல்லாம் போயிடுச்சுன்னு சொன்னாங்க. சுமார் 5 கோடிப் பாட்டு. அதுல ஏறக்குறைய 4,90,000 பாட்டு பிற்பாடு கிடைச்சது. எப்படின்னா, ஏதோ ஆராய்ச்சிக்காக ஒரு குழு முன்னாடியே கொஞ்சம் காப்பி எடுத்து வச்சிருந்தாங்க, அதை இன்டர்நெட் ஆர்க்கைவுக்குக் கொடுத்தாங்க. பாட்டைக் காப்பாத்தணும்னு யாரும் காப்பி எடுக்கலை. வேற வேலைக்கு எடுத்தது, பிழைச்சுக்கிச்சு.

இந்த விஷயத்தை நான் இவ்வளவு தூரம் தோண்டுறதுக்குக் காரணம் என் ஃப்ரெண்டு ஒருத்தன். பேரு சொல்லலை. எங்க ஹாஸ்டல்ல முளைச்ச ராப்பர்கள்ல நிஜமாவே நல்லா எழுதுனவன் அவன் ஒருத்தன்தான். 2012 கடைசியில ஒரு பாட்டு எடுத்தான். லேப்டாப்புல பீட்டு, ஹெட்போன் மைக்கு, எதிரொலி வராம இருக்கத் தலை மேல ரெண்டு போர்வை. மூணு நிமிஷம் நாப்பது செகண்டு. கண்டக்டர் ஊர் பேரு கூப்பிடுற மாதிரி ஆரம்பிக்கும், புளியம்பட்டி அன்னூர்னு அந்தக் கூப்பாடே தாளமா மாறும். அப்புறம் திம்பத்துல இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, அவங்கம்மா வெடியால மூணு மணிக்குத் தலையில லைட்டுக் கட்டிக்கிட்டு மல்லிகை பறிக்கிறது, எல்லாம் வரும். எங்க பேட்ச்ல அம்பது பேர் போன்லயாவது அது இருந்திருக்கும். யூடியூப்ல அவன் போடலை. வீடியோ எடுத்துட்டுப் போடலாம்னு இருந்தான். அப்புறம் வேலைக்குத் திருப்பூர் போயிட்டான்.

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில அவன் போயிட்டான். இருபத்தொம்பது வயசு.

வருஷத் திதிக்குப் போயிருந்தப்போ அவங்கம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, "கண்ணு, அவன் என்னைப் பத்தி ஒரு பாட்டுப் படிச்சானாமே, உங்கிட்ட இருக்குதா சாமி? நான் கேட்டதே இல்ல"ன்னாங்க. பொறந்ததுல இருந்து அவன் குரல் கேட்டவங்க. ஆனா போன் வீடியோல இருக்கிற குரல் எல்லாம் "ம்", "சரிம்மா", "வைக்கறேன்"தான். அவன் நின்னு பேசுன குரல் அந்தப் பாட்டுல மட்டும்தான் இருக்கு.

நாங்க ஆறு பேர் தேட ஆரம்பிச்சோம். அம்பது பேர்ல முப்பத்தெட்டு பேரைப் புடிச்சோம். பழைய போன் வித்தாச்சு, எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு, தண்ணியில விழுந்துச்சு. நாலு மெமரி கார்டு கிடைச்சது. ரெண்டை சிஸ்டம் அடையாளமே காணலை. ஒண்ணு ஃபார்மட் பண்ணச் சொல்லுச்சு. ஒண்ணுல பூரா சினிமாப் பாட்டு, எல்லாம் அப்படியே பத்திரமா இருந்துச்சு. அதுல எதை வேணும்னாலும் இப்போ போன்ல ரெண்டு செகண்டுல போட்டுக் கேட்கலாம். மெயில்ல ஒரு லிங்க் இருந்துச்சு, ஃபைல் ஷேரிங் சைட்டு, தொட்டா 'பக்கம் இல்லை'ன்னு வருது.

கடைசியில அவனோட சித்தப்பா பையன்கிட்ட, பட்டன் போன்ல, ரிங்டோனா கிடைச்சது. கடைல கொடுத்து வெட்டி வாங்கியிருக்கான். முப்பத்து நாலு செகண்டு. பாதி வெறும் பீட்டு. பாக்கில பஸ் கூப்பாடு. அம்மாவைப் பத்தின இடம் ஆரம்பிக்குது, பதினோரு செகண்டு ஓடுது, வெட்டு.

அதை எடுத்துட்டுப் போய் அவங்களுக்குப் போட்டுக் காட்டினோம். நாலஞ்சு தடவை கேட்டாங்க. நான் ஏதாவது செய்யணுமேன்னு, "இதை உங்க போன்ல ரிங்டோனா வச்சுக் குடுக்கட்டுங்களாம்மா?"ன்னேன். வேண்டாம்னுட்டாங்க. "யாராவது கூப்பிட்டு நான் எடுத்துட்டன்னா, அவன் பாதியில நின்னு போயிருவான் கண்ணு."

காட்டுல பூப் பறிக்கும்போது போட்டுக் கேட்குற சின்னப் பாட்டுப்பெட்டி ஒண்ணு வச்சிருக்காங்க, பென் டிரைவ் சொருகுறது. அதுல ஏத்திக் கொடுத்தோம். அறுபது எழுபது சினிமாப் பாட்டு, நடுவுல இது ஒண்ணு. வரிசையா சுத்தி வரும்போது வரும். அவங்களுக்கு அப்படித்தான் பிடிச்சிருக்கு.

கேட்குறீங்க இல்ல, இப்போதான் எல்லாம் மாறிடுச்சேன்னு? மாறியிருக்கு. 2021-ல 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தப்போ அதுக்குப் படம் தேவைப்படலை. தீயும் அறிவும் பாடினது, சந்தோஷ் நாராயணன் இசை, நேரா எல்லார் வீட்டுக்கும் போச்சு. எங்க டவுன் பஸ்லயே ஓடுச்சு, டிரைவர் அண்ணன் ராஜா பாட்டை நிறுத்திட்டுப் போட்டார், அது பெரிய விருதுங்க. 2024-ல சாய் அபயங்கரோட 'கட்சி சேர' ஸ்கூல் பசங்க வாயில பூரா இருந்துச்சு. இந்தப் பாட்டுக்கெல்லாம் ஒரு கேடும் வராது, பெரிய கைகள்ல இருக்கு. எனக்குக் கவலை அதுக்கு அடுத்த வரிசை. நூத்தம்பது வ்யூஸ் வாங்குன பாட்டு. பேண்டு கலைஞ்சு போன பாட்டு. வருஷச் சந்தா கட்டலைன்னு சில சர்வீஸ்ல இருந்து எறங்கிப் போற பாட்டு. ஸ்ட்ரீமிங்ல நீங்க வச்சிருக்கிறது பாட்டு இல்ல, பாட்டைக் கேட்குற அனுமதி. ஒரு நாள் பிளேலிஸ்டுல அந்த வரி சாம்பல் நிறமா மாறி நிக்கும். தொட்டா ஓடாது. ப்ளூடூத்தே தேவலாம்னு நான் சொல்ல மாட்டேன், அது வேற தொல்லை. ஆனா அதுல அம்பது பேர்கிட்ட அம்பது காப்பி இருந்துச்சு. அதனாலதான் அந்த முப்பத்து நாலு செகண்டாவது மிஞ்சுச்சு.

இன்னொரு விஷயமும் யோசிக்கிறேன். இப்போ பஸ்ல ஏறினா முக்காவாசிப் பேரு காதுல இயர்பட்ஸ். அவங்கவங்க பாட்டு அவங்கவங்களுக்கு. எனக்குப் பிடிச்சது எனக்குக் கிடைக்குது, நல்லதுதான், அந்தப் பொண்ணு இனிமே ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியது இல்ல. ஆனா இருபது வருஷம் கழிச்சு ரெண்டு பேர் சந்திச்சு, "அந்த வண்டில அந்தப் பாட்டு ஓடுமே"ன்னு ஆரம்பிக்க முடியுமா? இதுக்கு நீங்கதான் பதில் அனுப்பணும். உங்க வயசையும் ஊரையும் சேர்த்து எழுதுங்க.

அதோட ஒரு வேலை. பீரோவுல, பழைய பென்சில் பாக்ஸ்ல, அம்மாவோட ஊசி நூல் டப்பாவுல மெமரி கார்டு கிடக்கும். இந்த வாரமே எடுங்க. கார்டுக்குள்ள டேட்டா இருக்கிறது சின்னச் சின்ன அறைகள்ல அடைச்சு வச்ச மின்சாரமா. வருஷக்கணக்கா கரண்டே காட்டாம வச்சா அது மெல்ல மெல்லக் கசியும். கார்டு ரீடர் ஒண்ணு வாங்குங்க, பெரிய விலை இல்ல. சிஸ்டம் 'ஃபார்மட் பண்ணட்டுமா'ன்னு கேட்டா மட்டும் 'ஓகே' அழுத்திடாதீங்க, டேட்டா ரெகவரி தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டுங்க. சினிமாப் பாட்டை விட்டுருங்க, அது எங்கயும் போகாது. 'ஆல்பம்' ஃபோல்டரையும், வாய்ஸ் ரெக்கார்டர் ஃபோல்டரையும், ரிங்டோன் ஃபோல்டரையும் முதல்ல எடுங்க. ரெண்டு இடத்துல காப்பி வைங்க. ஃபைல் பேரை மாத்துங்க: யார் பாடுனது, எந்த வருஷம், எந்த ஊர். 'டிராக் 07'ன்னு இருந்தா நாளைக்குத் தேடுறவங்களுக்கு அது கண்ணு முன்னாடியே இருந்தாலும் தெரியாது.